வீடர் துறைக்கு வராத பத்திரிகைகள்

ஹல்டா மெரில் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. விளிம்பில்தான் உட்காருவாள், எந்த நிமிஷமும் எழுந்துவிடத் தோதாக. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்கூட அவள் விரல்கள் மடியில் அச்செழுத்துப் பொறுக்கிக்கொண்டிருக்கும். போதகர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இவள் அதைக் கோத்து முடித்து அடுத்ததற்குக் காத்திருப்பாள். பக்கத்து இருக்கைப் பெண்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அவர்களுக்கு வேறென்ன வேலை?

நான் டியூனிஸ் ஹாலன்பெக், பைண்டர். வீடர் துறையில் அவள் அச்சகத்துக்கு அடுத்த கடை என்னுடையது. நடுவே ஒரு பலகைச் சுவர் மட்டும். அந்தப் பக்கம் அவள் நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பதினைந்து வருடம் புத்தகம் தைத்தேன். ஊரில் அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். புருஷனைத் துரத்தியவள் என்கிறார்கள். சத்தியம் பண்ணப் போன இடத்தில் புத்தி பிசகியவள் என்கிறார்கள். வாய் இருக்கிறது, பேசுகிறார்கள். நடந்தது எனக்குத் தெரியும். அதில் பாதியை நடத்தியவனே நான்தான்.

அவள் அப்பா பீட்டர் க்ரோல் நியூயார்க் நகரத்தில் அச்சகம் வைத்திருந்தவர். போரில் ஆங்கிலேயப் படை நகரத்தைப் பிடித்தபோது, எழுத்தையெல்லாம் கேஸ் என்கிற அறைப்பெட்டிகளிலிருந்து மாவுப் பீப்பாய்களில் கொட்டி, இயந்திரத்தைக் கழற்றிப் படகில் போட்டு, ஹட்சன் ஆற்றின் மேல்புறம் ஏறி இங்கே வந்து சேர்ந்தார். உயிரோடு வந்தாரே, அதுவே பெரிசு. ஆனால் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, மாவும் ஒட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்காது. அப்போது ஹல்டாவுக்கு ஒன்பது வயது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பீப்பாய் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு எழுத்தாக எடுத்துத் துடைத்து அதனதன் அறையில் போட்டாள். மற்றக் குழந்தைகள் எழுத்தைப் புத்தகத்தில் கற்றுக்கொள்ளும். இவள் தலைகீழாக, இடவலம் மாறி, ஈயத்தில் கற்றுக்கொண்டாள். கடைசிவரை தலைகீழாக வாசிப்பதுதான் அவளுக்குச் சுளுவு.

ஏசா மெரில் அவள் அப்பாவிடம் கூலிக்கு அச்சுக்கோக்க வந்தவன். ஊர் ஊராகப் போய் நாலு மாசம், ஆறு மாசம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்புகிற ஜாதி. காலில் சக்கரம் கட்டியவன். தோளில் ஒரு மூட்டை, கோட்டுப் பையில் எழுத்துக் கோக்கிற சொந்த ஸ்டிக், இவ்வளவுதான் அவன் சொத்து. வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. அவன் கோத்த பத்தியில் சந்து தெரியாது.

ஒரே ஒரு கிறுக்கு அவனுக்கு. பத்திரிகையில் ஒரு பத்தி கீழே கொஞ்சம் குறைந்துபோனால், காலி இடத்தை நிரப்ப எல்லோரும் ஒரு கோடு போடுவார்கள். இவன் மூன்று குட்டி அச்சுப்பூக்களை வரிசையாக வைப்பான். அதில் நடுப்பூ தலைகீழாக நிற்கும். பார்ப்பவர்கள் தவறி விழுந்தது என்று நினைப்பார்கள். பெரியவர் க்ரோல் ஒவ்வொரு வாரமும் அச்சுக்குக் கட்டிய பாரத்தைப் பார்த்துவிட்டுக் கத்துவார்.

"ஏன்டா, உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? நடுப்பூ கவுந்து கிடக்கு பாரு!"

"கிடக்கட்டும் முதலாளி. மூணும் ஒரே மாதிரி நின்னா பட்டாளம் மாதிரி இருக்கு. ஒருத்தனாவது தலைகீழா நிக்கட்டுமே."

இந்தப் பேச்சில்தான் ஹல்டா மயங்கினாள் என்று நினைக்கிறேன். கல்யாணம் ஆயிற்று. பெரியவர் போய்ச் சேர்ந்தார். ஏசா மூன்று வருடம் ஒரே கூரைக்கடியில் இருந்தான். அவனுக்கு அது முப்பது வருடமாக இருந்திருக்க வேண்டும். 1791 ஏப்ரலில், கடலிலிருந்து ஷாட் மீன் ஆற்றில் ஏறுகிற வாரத்தில், துறையில் மீன் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. ஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டு மீன் பார்க்கப் போகிறவன் உண்டா? அவள் அதை அன்று மாலையே கவனித்துவிட்டாள். ஆனாலும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் பெண்சாதி ஓடிப்போனால் புருஷன் பத்திரிகையில் விளம்பரம் போடுவான். அவள் பத்திரிகையான 'வீடர் துறை மெர்க்குரி'யிலேயே வாரத்துக்கு ஒன்று வரும். தபால் கொண்டுவரும் குதிரைக்காரன் ஓபெட் பிளாட் அவளைச் சீண்டினான்.

"அம்மா, பத்திரிகை உங்களுது. புருஷன் ஓடிட்டான்னு நீங்க ஒரு விளம்பரம் போட்டா என்ன?"

"குதிரை ஓடிப்போனா விளம்பரம் போடலாம் ஓபெட். கழுதை ஓடிப்போனதுக்கு யாராவது போடுவாங்களா? நீ ஓடினாலும் போட மாட்டேன், பயப்படாம போ."

சிரித்தான், போய்விட்டான். அவள் சிரிக்கவில்லை. காஸ்பர் என்கிற ஜெர்மன்காரரை இயந்திரம் இழுக்க வைத்துக்கொண்டு, கோப்பது, பிழை பார்ப்பது, எழுதுவது எல்லாவற்றையும் தானே செய்தாள். பிழை பார்க்க இன்னொரு ஆள் வேண்டும் அல்லவா? அவள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உரக்க வாசிப்பாள், நான் இந்தப் பக்கம் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பேன். ஆற்று நீர்மட்டம், மாட்டுச் சந்தை, காங்கிரஸ் சபைச் சண்டை, எல்லாம் அவள் குரலில்தான் எனக்கு வந்தது. ஒரு வாரம் தொண்டை கட்டி அவள் வாசிக்கவில்லை. நான் மூன்று புத்தகத்தைத் தப்பாகத் தைத்தேன்.

இப்போது மாற்றுப் பத்திரிகை விஷயத்தைச் சொல்ல வேண்டும். அச்சகக்காரர்கள் ஒருவருக்கொருவர் தங்கள் பத்திரிகையைத் தபாலில் சும்மாவே அனுப்பிக்கொள்வார்கள். வடக்கே வெர்மாண்ட் முதல் தெற்கே ஜார்ஜியா வரை எல்லா ஊர்ப் பத்திரிகையும் புதன்கிழமை ஓபெட்டின் பையில் வரும். அதிலிருந்து வெட்டி எடுத்துத்தான் இவர்கள் தங்கள் பத்திரிகையை நிரப்புவார்கள். வெட்டி முடித்த தாள்கள் என்னிடம் வரும். பைண்டருக்குப் பழைய தாள்தான் சோறு. ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை போட்டு அழுத்தி அட்டை பண்ணுவேன், முதுகுக்கு உள்ளே ஒட்டுவேன். வீடர் துறையில் யார் வீட்டுப் புத்தகத்தின் அட்டையைப் பிரித்தாலும் உள்ளே ஏதோ ஒரு ஊர்ச் செய்தி இருக்கும்.

1793 பிப்ரவரியில் ஒரு நாள் நான் அப்படி ஒரு தாள்கட்டை எடுத்துக் கத்தியை வைத்தேன். அடுத்த கதவு படாரென்று திறந்தது. ஹல்டா பனியில் சால்வைகூடப் போடாமல் ஓடி வந்தாள்.

"வெட்டாதீங்க! அதுல ஹார்ட்ஃபோர்ட் இருக்கு, தெரியாம கொடுத்துட்டேன்!"

"இருந்தா என்னம்மா? போன மாசத்துப் பழசு."

அவள் பதில் சொல்லாமல் கட்டைப் பிரித்து ஒரு தாளை உருவினாள். மூன்றாம் பக்கம், கடைசிப் பத்தியின் அடி. மூன்று குட்டிப் பூக்கள், நடுப்பூ தலைகீழ்.

"இது யாருன்னு தெரியுதா?" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். ஏசாவின் பூக்கள்தான்.

"ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். முதல்ல ஆல்பனி. அப்புறம் பாஸ்டன். இப்ப ஹார்ட்ஃபோர்ட். யாருக்கும் சொல்லல, உங்களுக்குத்தான் சொல்றேன். அவன் உடம்பு நல்லா இருக்கான். வேலையும் நல்லாத்தான் செய்யறான், பாருங்க, இந்த வரியெல்லாம் எவ்வளவு சுத்தம்!" அவள் குரலில் கோபமா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "ஹாலன்பெக், அவன் மூணு ஊரு பாத்துட்டான். நான் இந்தக் கேஸுக்கு முன்னாடியே நிக்கறேன்."

அன்று நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எனக்கு முப்பத்தைந்து வயது, மனதில் இருந்ததைச் சொல்ல இரண்டு வருடமாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தவன். "உங்களைக் கட்டிக்கணும்னு இருக்கேன்" என்று கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவள் கத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். முடியாது என்று சொல்லவில்லை.

மறுவாரம் இரண்டு பேரும் நீதிபதி வான் ஸ்லைக்கிடம் போய்க் கேட்டோம். அவர் எங்கள் ஊர்க்காரர், வாயில் எப்போதும் புகையிலைக் குழாய். குழாயை எடுக்காமலே பேசுவார்.

"விவாகரத்தா? அவன் வேற பொம்பளையோட இருந்தான்னு சாட்சி வச்சு நிரூபிக்கணும். முடியுமா? முடியாது. இன்னொரு வழி இருக்கு. அஞ்சு வருஷம் ஆள் கண்ணுல படக்கூடாது. உயிரோட இருக்கான்னே உனக்குத் தெரியக்கூடாது. அப்படி அஞ்சு வருஷம் போச்சுன்னா எங்கிட்ட வந்து சத்தியம் பண்ணு, போதகர் கல்யாணம் பண்ணிவைப்பார். தெரிஞ்சுக்கிட்டே வந்து பொய்ச் சத்தியம் பண்ணினா ரெண்டு பேருக்கும் ஜெயில்தான், சொல்லிட்டேன்."

வெளியே வந்ததும் நான் கணக்குப் போட்டேன். அவன் போய் இரண்டு வருடம், இன்னும் மூன்று.

"இல்ல," என்றாள். "போன வாரம் பூவைப் பாத்தேனே. எனக்குத் தெரியும். இன்னிலேர்ந்துதான் அஞ்சு."

"அந்தப் பூ உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்கு விளங்கும்? நீதிபதிக்கா?"

"எனக்கு விளங்குதே ஹாலன்பெக்."

அவ்வளவுதான். அவள் அப்படிப்பட்டவள். ஒரு கமா விழுந்துபோனால்கூடப் பாரத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறவள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஊர்சுற்றிப் பயல் எங்கேயோ சந்தோஷமாகப் பூ வைத்துக்கொண்டிருப்பான், ஒவ்வொரு பூவுக்கும் எங்கள் ஐந்து வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? இது என்ன நியாயம்?

ஓபெட் புதன்கிழமை மதியம் வந்து என் கடைக்கு எதிரே இருக்கும் சத்திரத்தில் குதிரையைக் கட்டுவான். வியாழக்கிழமை பத்திரிகை அச்சடிக்கிற நாள் என்பதால் புதன்கிழமை அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. "உங்க கையெல்லாம் மை. தபால் கட்டை நான் வாங்கிட்டு வந்து கொடுக்கறேன்" என்றேன். சரி என்றாள். முதலில் உதவியாகத்தான் ஆரம்பித்தது, நம்பினால் நம்புங்கள்.

பிப்ரவரிக்குப் பிறகு எங்கேயும் பூ வரவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஒரு புதன்கிழமை, கட்டைக் கொண்டுபோகும் வழியில் என் மேஜையில் வைத்துப் புரட்டினேன். அன்னாபொலிஸ் பத்திரிகை, நான்காம் பக்கம், பத்தியின் அடி. பூக்கள் நின்றன. என் கை தானாக அந்தத் தாளை உருவிப் பசைச் சட்டிக்குக் கீழே தள்ளிவிட்டது. மீதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் புரட்டினாள். கடைசித் தாளையும் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள்.

"ஆமா, ஒண்ணும் இல்ல," என்றேன் நானும்.

ஒன்றோடு நிற்குமா? அவன் ஒரு ஊரில் இருக்கும்வரை அந்த ஊர்ப் பத்திரிகையில் வாரம் தவறாமல் பூ வரும். பதினோரு வாரம் அன்னாபொலிஸ் என் அட்டைக்குள் போனது. மூன்றாவது வாரமே அவள் ஓபெட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓபெட், அன்னாபொலிஸ் பத்திரிகை எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்மா? மழையில நனைஞ்சிருக்கும், இல்ல எந்தச் சத்திரத்திலயாவது எவனாவது உருவி வாசிச்சிருப்பான். உங்க பத்திரிகையைத் தின்னு என் குதிரை ஒண்ணும் பண்டிதன் ஆகல!"

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் ஓபெட்டிடம் ஒருமுறைகூட அப்படிக் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். முட்டாள்!

ஐந்து வருடம். அன்னாபொலிஸுக்குப் பிறகு ரிச்மண்ட், பிறகு சார்ல்ஸ்டன், பிறகு கொஞ்ச நாள் எங்கேயும் இல்லை, பிறகு சவானா, கடைசியில் தெற்கே மலைகளுக்கு அந்தப் பக்கம் லெக்சிங்டன். நான் நடக்காத நாடெல்லாம் அவன் நடந்தான். ஒவ்வொரு புதன்கிழமையும் காலையிலிருந்தே எனக்குச் சோறு இறங்காது. குதிரைக் குளம்படி கேட்டதும் வாசலுக்கு ஓடுவேன். பூ இருந்தால் பயம், எங்கே பார்த்துவிடுவாளோ என்று. பூ இல்லாவிட்டாலும் பயம், நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று. தைக்கிற ஊசியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நடப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் நடப்பாள். இரண்டு கூண்டில் இரண்டு கரடிகள் என்று காஸ்பர் சொல்லுவார்.

அவள் மாறினாள், அதையும் சொல்ல வேண்டும். மாற்றுப் பத்திரிகைகளைப் புரட்டும்போது முன்பு ஒரு பரபரப்பு இருக்கும். அது போய், வேறு ஏதோ வந்தது. புரட்டி முடித்ததும் சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்துக்கு முன்னால் போய் நிற்பாள். செத்தவனுக்காகத் துக்கப்படுகிறாள் என்று நான் முடிவு கட்டினேன். எனக்கு அது வலித்தது. கூடவே, இப்படியே அவன் செத்தவனாகவே போகட்டும் என்றும் இருந்தது. என் மனம் அப்படித்தான் இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும்?

ஒரு நாள் சோளக் கஞ்சியும் பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் நின்றுகொண்டு சாப்பிட்டாள்.

"டியூனிஸ்," என்றாள். ஹாலன்பெக் டியூனிஸ் ஆகி ஒரு வருடம் ஆகியிருந்தது. "மேற்கே ஜெனசி பக்கம் நிறையப் பேர் குடி போறாங்களாம். அங்க ஒரு அச்சகம்கூட இல்லையாம். நாம போலாமா?"

"இங்க என்ன குறை? சுவருக்குச் சுவர் வேலை இருக்கு. அங்க போய் கரடிக்கா புத்தகம் தைக்கறது?"

"கரடி படிக்காது. மனுஷங்க படிப்பாங்க."

"கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்."

"எங்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்கா டியூனிஸ்?"

திடீரென்று கேட்டாள். ஸ்பூன் என் வாய்க்கருகில் நின்றது. "என்ன இருக்கு? கஞ்சி நல்லா இருக்கு" என்றேன். அவள் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள். இப்படி அந்த ஐந்து வருடத்தில் நாலைந்து தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் கஞ்சியையோ, குளிரையோ, காஸ்பரின் இருமலையோ பற்றிப் பேசினேன்.

1798 மார்ச். ஆற்றில் பனி உடைந்து பாளம் பாளமாகப் போய்க்கொண்டிருந்தது. ஐந்து வருடம் முடிந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. போதகரிடம் சொல்லியாயிற்று. எனக்கு நீலக் கோட்டுத் தைத்தாயிற்று. சத்தியம் ஒன்றுதான் பாக்கி. சத்தியத்துக்கு இரண்டு வாரம் முன்னால்கூட லெக்சிங்டன் தாள் ஒன்றை நான் அட்டைக்குள் அனுப்பியிருந்தேன்.

வான் ஸ்லைக் வீட்டு முன்னறை. மேஜையில் அவர் பைபிள். நான் போன வருடம் புதிதாகப் பைண்டு பண்ணிக் கொடுத்தது, கன்றுத்தோல், நல்ல வேலை. அதைப் பார்த்ததுமே நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் அதன் அட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சார்ல்ஸ்டன், நாலு தாள்.

"சட்டப்படி பொண்ணு மட்டும் சொன்னா போதும்," என்றார் நீதிபதி. "ஆனா எனக்கு அப்புறம் வம்பு வேண்டாம். கட்டிக்கப் போறவனும் சொல்லணும். நீ முதல்ல வா டியூனிஸ். கையை வை. ஏசா மெரில் இந்த அஞ்சு வருஷத்துல உயிரோட இருக்கறதா உனக்கு ஏதாவது தெரியுமா?"

ஹல்டா ஜன்னலருகே நின்றாள். அன்று மட்டும் அவள் விரல்கள் அசையவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. சீக்கிரம் சொல்லு, முடித்துவிடலாம் என்கிற கெஞ்சல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"தெரியாது. கடவுள் சத்தியமா," என்றேன்.

"நல்லது. நீ வாம்மா."

அவள் வந்தாள். பைபிள் மேல் கையை வைத்தாள். நீதிபதி அதே கேள்வியைக் கேட்டார்.

"தெரியும்," என்றாள் ஹல்டா.

நீதிபதியின் வாயிலிருந்து குழாய் விழுந்து சாம்பல் சிதறியது. "என்னம்மா சொல்ற? தெரியுமா? எப்படி?"

"அச்சகக்காரிக்குத் தெரியும், அவ்வளவுதான். அவன் உயிரோட இருக்கான். நான் சத்தியம் பண்ண முடியாது. உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க." சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். சேறும் பனியுமான தெருவில், நீலக் கோட்டோடு. துறைக்கு இறங்குகிற வளைவில்தான் அவளைப் பிடிக்க முடிந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்? அஞ்சு வருஷமா ஒண்ணுகூட உன் கண்ணுல படலையே!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

"படல," என்றாள். "அதனாலதான் தெரிஞ்சுது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் தலையில நம்பர் இருக்கு டியூனிஸ். எந்த வாரத்துது வந்துச்சு, எது வரலன்னு பாக்காம நான் எப்படிப் பத்திரிகை நடத்துவேன்? அன்னாபொலிஸ் பதினோரு வாரம் வரல. பன்னண்டாவது வாரம் வந்துச்சு. கொஞ்ச நாள்ல ரிச்மண்ட் நின்னுபோச்சு. அப்புறம் ரிச்மண்ட் வந்துச்சு, சார்ல்ஸ்டன் நின்னுபோச்சு. மழை என்ன ஊர் பாத்தா பெய்யும்? ஓபெட்டோட குதிரை நாலு மாசம் ஒரே ஊர்ப் பத்திரிகையையா தின்னும்?"

நான் கோட்டுப் பொத்தானைத் திருகினேன். அவள் விடவில்லை.

"அவன் எந்த ஊர்ல இருந்தானோ அந்த ஊரை நீங்க எடுத்து வச்சுக்கிட்டீங்க. ஆல்பனியிலயும் பாஸ்டன்லயும் நான் கண்ணு வலிக்கத் தேடினேன். அப்புறம் தேடவே வேண்டியதில்லாம போச்சு. அவன் உயிரோட இருக்கான், இன்ன ஊர்ல இருக்கான்னு புதன்கிழமைக்குப் புதன்கிழமை எனக்குச் சேதி கொண்டுவந்து கொடுத்தது நீங்கதான்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல? ஏன் அஞ்சு வருஷம் என்னைத் திருட விட்ட?" எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "அவன் மேல அவ்வளவு ஆசையா?"

"அவன் மேலயா?" அவள் முகம் சிவந்தது. "அவன் நின்ன ஊரெல்லாம் பாக்கணும்னு ஆசை. அவனைப் பாக்கணும்னு எனக்கு என்ன? உங்களைக் கேட்டேனே டியூனிஸ், எத்தனை தடவை கேட்டேன்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'ஆமா ஹல்டா, நான்தான் எடுத்தேன்'னு நீங்க சொல்லியிருந்தா, சட்டமாவது மண்ணாவதுன்னு உங்ககூட வந்து குடியிருந்திருப்பேன். ஊர் காறித் துப்பினா துப்பட்டும்னு இருந்திருப்பேன். இன்னிக்குக் காலையிலகூட ஜன்னல்கிட்ட நின்னு வேண்டிக்கிட்டேன். நீங்க பைபிள் மேல கை வச்சு எங்கண்ணு முன்னாடியே தெரியாதுன்னுட்டீங்க. ஏற்கெனவே ஒருத்தன் மீன் பாக்கப் போறேன்னு சொன்னான். இன்னொருத்தனையும் வீட்டுல வச்சுக்கிட்டு, சொல்றது நிஜமா பொய்யான்னு பாத்துக்கிட்டே நான் உட்காரணுமா?"

ஆற்றில் ஒரு பெரிய பனிப்பாளம் கரையில் மோதி உடைந்தது. அவள் மேலே ஏறி அச்சகத்துக்குப் போய்விட்டாள். அன்று வியாழக்கிழமை. பத்திரிகை நேரத்துக்கு வெளியாயிற்று.

மே மாசம் அவள் இயந்திரத்தைக் கழற்றினாள். எழுத்துகளை அவள் அப்பாவைப்போல் பீப்பாயில் கொட்டவில்லை, ஒவ்வொரு கேஸாகத் துணி சுற்றிக் கட்டினாள். ஆல்பனி வரை பாய்மரப் படகு, அதற்கு மேல் மாட்டு வண்டி, ஜெனசி வரை. காஸ்பரும் கூடப் போனார். ஏசாவைத் தேடிப் போகிறாள் என்று ஊர் பேசியது. அவன் இருந்தது தெற்கே, இவள் போனது மேற்கே. ஊருக்குத் திசையா தெரியும்?

இயந்திரத்தின் பெரிய சட்டத்தைத் தூக்க ஆள் போதவில்லை. நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு மாசமாக நாங்கள் பேசியிருக்கவில்லை. சட்டம் படகில் இறங்கியதும் அவள், "தேங்க்ஸ் ஹாலன்பெக்" என்றாள். மறுபடி ஹாலன்பெக் ஆகிவிட்டேன். பாய் ஏறியது. அவள் படகின் முனையில் நின்றாள். அங்கேயும் உட்காரவில்லை. வருகிறாயா என்று கேட்பாள் என்று நான் படகுப் பலகையில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்றேன். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பசையை இறக்கக்கூடத் திரும்பிப் போயிருக்க மாட்டேன்.